நெதன்யாகு, யோனத்தான்: பெயர் இரண்டு, பொருள் ஒன்று – எபிரேயப் பெயர்களைப் பிரித்துப் படிக்கும் முறை

1976 ஜூலை 4. உகாண்டாவின் எண்டெபே விமான நிலையத்தில் பிணைக்கைதிகளை மீட்கச் சென்ற இஸ்ரேலிய அதிரடிப் படையில் ஒரே ஒருவர் உயிரிழந்தார். படைக்குத் தலைமை தாங்கிச் சென்ற யோனத்தான் நெதன்யாகு. பின்னாளில் இஸ்ரேலில் வேறு எவரையும்விட அதிக ஆண்டுகள் பிரதமராக இருந்த பெஞ்சமின் நெதன்யாகுவின் அண்ணன் இவர். எபிரேயம் தெரிந்தவர்கள் இவருடைய முழுப் பெயரில் ஒரு விந்தையைக் காண்பார்கள். ‘யோனத்தான்’ என்றாலும் ‘நெதன்யாகு’ என்றாலும் பொருள் ஒன்றே: ‘இறைவன் கொடுத்தார்’. ஒரே வாக்கியத்தை முன்பின்னாக மாற்றி எழுதியதால் இரண்டு பெயர்கள் கிடைத்திருக்கின்றன.

குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோர் இணையத்தில் பார்க்கும் ‘எபிரேயப் பெயர்களும் பொருளும்’ பட்டியல்களில் இந்த உறவு தெரியாது. அங்கே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சொல் மட்டும் இருக்கும். மிக்கேல் என்றால் ‘கடவுளைப் போன்றவர்’, மோசே என்றால் ‘தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்டவர்’ என்று. மிரியாமுக்கு ஒரு பட்டியலில் ‘கசப்பு’, இன்னொன்றில் ‘அன்புக்குரியவள்’, மூன்றாவதில் ‘கடலின் விண்மீன்’. எது சரி? குழப்பம் பெற்றோருடையது அன்று. வெவ்வேறு வகைப் பொருள்களை ஒரே கட்டத்தில் அடைத்த பட்டியலுடையது. அவற்றைப் பிரித்து அறிய, எபிரேயச் சொல் உருவாகும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வேரும் வாக்கியமும்

எபிரேயத்தில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேரிலிருந்து பிறக்கின்றன. மெய்கள் அப்படியே நிற்க, இடையில் வரும் உயிரொலிகளும் முன்னும் பின்னும் சேரும் ஒட்டுகளும் மாறி வெவ்வேறு சொற்களைத் தருகின்றன. ந்-த்-ன் என்ற வேருக்குக் ‘கொடுத்தல்’ என்று பொருள். ஹ்-ன்-ன் என்றால் ‘அருள் காட்டுதல்’. ஷ்-ம்-அ என்றால் ‘கேட்டல்’.

இந்த வேருடன் இறைவனைக் குறிக்கும் ஒரு சிறு சொல் சேரும்போது பெயர் பிறக்கிறது. அந்தச் சொற்கள் இரண்டு. ஒன்று ‘ஏல்’, கடவுள் என்ற பொதுச் சொல். மற்றொன்று, யூதர்கள் வாய்விட்டு உச்சரிக்காத ‘யாவே’ என்ற நான்கெழுத்துத் திருப்பெயரின் சுருக்கம். அது பெயரின் முன்னால் வந்தால் ‘யோ’ அல்லது ‘யெகோ’ என்றும், பின்னால் வந்தால் ‘யா’ அல்லது ‘யாகு’ என்றும் ஒலிக்கும். நாம் பள்ளியில் பகுதி, விகுதி, இடைநிலை என்று ஒரு சொல்லைப் பிரித்தது போலவே இந்தப் பெயர்களையும் பிரிக்கலாம். ‘கொடுத்தல்’ வேரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1. நாத்தான்: ‘கொடுத்தார்’. யார் கொடுத்தார் என்பது தொக்கி நிற்கிறது.
2. யோனத்தான்: யோ + நாத்தான். எழுவாய் முன்னே.
3. நெதன்யாகு: நெதன் + யாகு. எழுவாய் பின்னே.
4. எல்நாத்தான், நெத்தனேல்: அதே இரண்டு அமைப்புகள், ‘ஏல்’ என்ற சொல்லுடன்.
5. மத்தேயு: இதன் எபிரேய மூலம் ‘மத்தித்யாகு’, இறைவனின் கொடை. வேரின் முதல் நகரம் அடுத்த மெய்யோடு கரைந்துவிட்டதால் உறவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

‘அருள்’ வேருக்கும் இதே போன்ற குடும்பம் உண்டு. அன்னாள், யோவானின் மூலமான யோஹனான், அனனியா, எல்கானான் ஆகிய நான்கும் உடன்பிறப்புகள். ‘கேட்டல்’ வேரிலிருந்து சிமியோனும் இஸ்மாயிலும் வந்தார்கள். யோவேல் என்ற தீர்க்கதரிசியின் பெயரைத் திருப்பிப் போட்டால் ஏறக்குறைய எலியா கிடைப்பார். முன்னது ‘யாவே கடவுள்’. பின்னது ‘என் கடவுள் யாவே’.

தமிழ்க் காதுக்கு ஒரு செய்தி. சாமுவேல், இம்மானுவேல் என்ற பெயர்களில் நாம் ‘வேல்’ என்ற ஒலியைக் கேட்கிறோம். தானியேல், கபிரியேல் என்ற பெயர்களிலோ ‘யேல்’. மூலத்தில் நான்கிலும் இருப்பது ஒரே ‘ஏல்’தான். சாமு + ஏல், தானி + ஏல் என்று பிரித்துப் பாருங்கள். உகரத்தை அடுத்து வகரமும் இகரத்தை அடுத்து யகரமும் தோன்றும் நம் உடம்படுமெய் விதிக்கு இந்த எழுத்துப்பெயர்ப்பு அச்சாகப் பொருந்தி நிற்கிறது!

பெயரை வாக்கியமாகப் படிக்கும்போது, பட்டியல்களின் முதல் பிழை தானே பிடிபடும். மிக்கேல் என்பதில் மூன்று சொற்கள் உள்ளன: ‘மி’ (யார்), ‘கா’ (போல), ‘ஏல்’ (கடவுள்). கடவுளைப் போல் யார் உண்டு? இது ஒரு வினா. எவரும் இல்லை என்ற விடையை உள்ளே வைத்திருக்கும் வினா. இதைக் ‘கடவுளைப் போன்றவர்’ என்று பெயர்த்தால், பெயர் எதை மறுக்கிறதோ அதையே அதன் மீது ஏற்றிவிடுகிறோம். சிறு வழு என்று இதை விட்டுவிட முடியாது. பெயரின் உயிரே அந்த வினாவில்தான் இருக்கிறது.

பிரிப்பதில் ஒரு கண்ணியும் உண்டு. யோஹனான் என்பதில் முன்வரும் ‘யோ’ இறைவன் பெயர். யோசேப்பு என்பதில் வரும் ‘யோ’ அப்படிப்பட்டதன்று. அது வினைச்சொல்லின் முன்னொட்டு. ‘அவர் கூட்டித் தருவாராக’ என்ற வேண்டுதலின் பகுதி. ஈசாக்கு (‘அவன் சிரிக்கிறான்’), யாக்கோபு ஆகிய பெயர்களின் மூல வடிவங்களான யிட்சாக், யாக்கோவ் என்பவற்றின் முதலெழுத்தும் இந்த வினை முன்னொட்டுதான்.

கதை தரும் பொருளும் இலக்கணம் தரும் பொருளும்

விவிலியத்தில் குழந்தை பிறந்ததும் தாயோ தந்தையோ பெயரிட்டு, காரணமும் சொல்வார்கள். அந்தக் காரணத்தையே பட்டியல்கள் அகராதிப் பொருளாக எழுதிவிடுகின்றன. உண்மையில் அவற்றில் பல ஒலி ஒப்புமையை வைத்துச் செய்த சொல்விளையாட்டுகள்.

சாமுவேலைப் பாருங்கள். பிள்ளையில்லாத அன்னாள் அழுது வேண்டிப் பெற்ற மகன். ‘ஆண்டவரிடம் கேட்டுப் பெற்றேன்’ என்று சொல்லிச் சாமுவேல் எனப் பெயரிடுகிறாள். கேட்டுப் பெறுதலுக்கான எபிரேய வேர் ஷ்-அ-ல். அந்த வேரிலிருந்து நேராக வரும் பெயர் சாமுவேல் அன்று. ‘ஷாவூல்’, அதாவது இஸ்ரேலின் முதல் அரசனான சவுலின் பெயர்! சாமுவேல் என்ற பெயரை இலக்கணப்படி பிரித்தால் ‘ஏலின் பெயர்’ என்பது போன்ற பொருளே வரும். அதே அதிகாரத்தின் இறுதியில் அன்னாள் தன் மகனைப் பற்றி ‘அவன் ஆண்டவருக்கு ஷாவூல்’, அதாவது ஆண்டவருக்கென்று ஒப்படைக்கப்பட்டவன் என்றே சொல்கிறாள். இந்தப் பிறப்புக் கதை முதலில் சவுல் அரசனுக்கு உரியதாக இருந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுவதற்கு இதுவே காரணம்.

மோசேயின் கதை இன்னும் சுவையானது. ஆற்றில் மிதந்து வந்த குழந்தையைக் கண்டெடுத்த பார்வோனின் மகள், ‘தண்ணீரிலிருந்து இவனை எடுத்தேன்’ என்று சொல்லி மோசே எனப் பெயரிட்டதாக யாத்திராகமம் கூறுகிறது. ‘மஷா’ என்றால் இழுத்தெடுத்தல். ஆனால் மோஷே என்ற வடிவம் செய்வினை: ‘இழுத்தெடுப்பவர்’. எடுக்கப்பட்டவருக்கு அந்த வடிவம் வராது. அதோடு, எகிப்து இளவரசி எபிரேயத்தில் ஏன் பெயர் வைக்க வேண்டும்? எகிப்திய மொழியில் ‘பிறந்தவன், பிள்ளை’ என்ற பொருள் தரும் ஒரு சொல் துத்மோஸ், ராம்செஸ் போன்ற அரசர் பெயர்களில் இருக்கிறது. மோசே என்பதும் அதே சொல்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. எனினும், தம் மக்களைக் கடலிலிருந்து கரையேற்றப்போகும் ஒருவருக்கு ‘இழுத்தெடுப்பவர்’ என்ற எபிரேயப் பொருள் எவ்வளவு பொருந்துகிறது! கதை சொன்னவர்கள் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே கதை தரும் பொருளைப் பொய் என்று ஒதுக்கக் கூடாது. அது இலக்கியப் பொருள்; அந்தப் பெயரை மூவாயிரம் ஆண்டுகளாக மக்கள் அப்படித்தான் கேட்டு வந்திருக்கிறார்கள். வேரின் பொருள் என்று அதை எழுதுவது மட்டுமே தவறு.

மிரியாம்: ஒரு பெயர், பல விளக்கங்கள்

மோசேயின் அக்காள் மிரியாமின் பெயரே கிரேக்கம் வழியாக மரியாள், மேரி என்று ஆனது. உலகில் மிக அதிகமாகச் சூட்டப்பட்ட பெண் பெயர்களில் ஒன்று இது. ஆனால் இதன் வேர் இன்றுவரை உறுதியாகவில்லை. முன்வைக்கப்படும் விளக்கங்கள் இவை:

1. ‘மர்’, கசப்பு. எகிப்தில் அடிமைப்பட்ட காலத்தின் கசப்பு என்று யூத மரபு விரித்துரைக்கும்.
2. ‘மெரி’, கிளர்ச்சி, எதிர்ப்பு.
3. எகிப்திய மொழியின் ‘மெரி’, அன்புக்குரிய. தம்பி பெயர் எகிப்தியம் என்றால் அக்காள் பெயரும் அப்படி இருக்கலாம் என்பது வாதம்.
4. கடலின் விண்மீன்.

நான்காவது எங்கிருந்து வந்தது? ‘மர்’ என்பதற்குத் துளி என்றும் ஒரு பொருள் உண்டு. ‘யாம்’ என்றால் கடல். இரண்டையும் சேர்த்தால் ‘கடல்துளி’. எபிரேயப் பெயர்களுக்கு இலத்தீனில் விளக்க அகராதி தொகுத்த புனித ஜெரோம் இதை ‘ஸ்தில்லா மாரிஸ்’ என்று எழுதியிருக்க வேண்டும் என்றும், ஏடு பெயர்த்தவர்களின் கையில் ஓர் உயிரெழுத்து மாறி ‘ஸ்தெல்லா மாரிஸ்’ ஆகியிருக்க வேண்டும் என்றும் அறிஞர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். ஸ்தில்லா என்றால் துளி, ஸ்தெல்லா என்றால் விண்மீன். ஓர் எழுத்து மாறியதில் துளி வானத்துக்கு ஏறிவிட்டது. பின்னர் கடலோடிகள் மரியாளைத் தங்கள் வழிகாட்டும் விண்மீனாக வணங்கினார்கள், பாடல்கள் பிறந்தன, கடற்கரைகளில் கோவில்கள் எழுந்தன. மகளுக்கு ஸ்டெல்லா மேரி என்று பெயர் வைக்கும் குடும்பம் இந்த நெடிய வரலாற்றைத்தான் சூட்டுகிறது. எபிரேயச் சொற்பொருள் என்று கேட்டால் மட்டுமே அந்த விண்மீனுக்கு அங்கே இடமில்லை.

ஒலி மாறிப் பயணித்த பெயர்கள்

எபிரேயத்தின் ‘ஷ’, தொண்டையடி ‘ஹ’ போன்ற ஒலிகளுக்குக் கிரேக்கத்தில் எழுத்து இல்லை. அதனால் ஷிமோன் சீமோன் ஆனார். யோஹனானின் நடு ‘ஹ’ உதிர்ந்தது. யெகோஷுவா என்ற பெயர் யேஷுவா என்று குறுகி, கிரேக்கத்தில் ஆண்பால் ஈறு பெற்று இயேசூஸ் ஆயிற்று. யோசுவாவும் இயேசுவும் ஒரே பெயர் என்பதைப் பலர் அறிவதில்லை. ‘இறைவன் மீட்கிறார்’ என்பது அதன் பொருள். பிற்காலத்தில் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் தொடக்க யகரம் ஜகரமானது. ஜான், ஜோசப், ஜேக்கப் எல்லாம் அப்படி வந்தவை. யோவான் என்ற தமிழ் வடிவம் அந்த வகையில் ஜானைவிட மூலத்துக்கு நெருக்கமானது.

தமிழுக்கு இந்தப் பெயர்கள் பல வாசல்கள் வழியாக வந்தன. யோசேப்பு விவிலிய மொழிபெயர்ப்பில் வந்தார்; போர்ச்சுகீசிய வடிவம் கடற்கரைகளில் ‘சூசை’ ஆனது; அரபு வடிவம் ‘யூசுப்’ ஆனது; ஆங்கிலம் ஜோசப்பைத் தந்தது. யாக்கோபுக்கும் அவ்வாறே: யாகூப், ஜேக்கப், போர்ச்சுகீசியச் ‘சந்தியாகு’. தாவீதும் தாவூதும், சாலமோனும் சுலைமானும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ஊர்கள் நம்மிடம் உண்டு.

இந்த வழிகளில் ஒன்றை மட்டும் நின்று பார்க்க வேண்டும். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் தேம்பாவணி பாடியபோது, காப்பியத் தலைவரான யோசேப்பின் பெயரை ஒலியாகக் கொண்டுவரவில்லை, பொருளாகக் கொண்டுவந்தார். ‘கூட்டித் தருக’ என்ற வேரின் உட்பொருளைத் தொட்டு, ‘வளன்’ என்றார். திருமுழுக்கு யோவானைக் ‘கருணையன்’ என்றார். இதே யோவானுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயர் அருளப்பர். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட போர்ச்சுகீசியத் துறவி ஜான் டி பிரிட்டோ தமக்குச் சூடிக்கொண்ட பெயர் அருளானந்தர். யோஹனான் என்ற பெயரின் வேர் ‘அருள்’ என்பதை நினைவில் வைத்து இந்த மூன்று தமிழ்ப் பெயர்களையும் மீண்டும் படியுங்கள். இணையப் பட்டியல்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, எபிரேய வேரை உணர்ந்து தமிழ் வேர் போட்டிருக்கிறார்கள்.

இன்றைய இஸ்ரேலில்

வழிபாட்டிலும் ஏடுகளிலும் மட்டும் வாழ்ந்த எபிரேயம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேச்சுமொழியாக மீண்டது. அதில் முன்நின்ற எலியேசர் பென் யெகூதா தம் மகனை வேறு மொழி காதில் விழாமல் வளர்த்தார். 1882இல் பிறந்த அந்த மகன் பின்னாளில் இட்டமார் பென் அவி என்று பெயர் மாற்றிக்கொண்டார். ‘அவி’ என்றால் ‘என் தந்தை’. எலியேசர் பென் யெகூதா என்பதன் எபிரேய முதலெழுத்துகளைச் சேர்த்தாலும் ‘அவி’ என்றே வரும்! தந்தையின் முதலெழுத்தைச் சுமக்கும் நமக்கு இந்த நுட்பம் எளிதில் புரியும்.

ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் இத்திஷ் (அங்குள்ள யூதர்கள் பேசிய மொழி), ஸ்லாவியக் குடும்பப் பெயர்களைக் களைந்து எபிரேயப் பெயர்களை ஏற்றார்கள். இஸ்ரேலின் முதல் பிரதமரான டேவிட் குரூன் பென் குரியன் ஆனார். பின்னாளில் பிரதமரான கோல்டா மெயர்சன் 1956இல் வெளியுறவு அமைச்சரானபோது ‘மெயிர்’ ஆனார். ‘ஒளி தருபவர்’ என்று பொருள். நெதன்யாகு என்ற குடும்பப் பெயரும் இப்படி வந்ததே. போலந்தில் அக்குடும்பத்தின் பெயர் மிலெய்கோவ்ஸ்கி. தாத்தா நாத்தான் தம் எழுத்துகள் சிலவற்றுக்கு நெதன்யாகு என்று கையொப்பமிட்டார். மகன் அதையே குடும்பப் பெயராக்கினார். பேரனுக்கு யோனத்தான் என்று வைத்ததும் அந்தத் தாத்தாவின் வேர் மூன்றாம் தலைமுறையில் இரட்டிப்பாயிற்று.

குழந்தைப் பெயர்களிலும் பெரிய மாற்றம் வந்தது. விவிலியத்திலேயே இயற்கைப் பெயர்கள் உண்டு: தாமார் பேரீச்சை, யாவேல் வரையாடு, தெபோராள் தேனீ, ராகேல் பெட்டையாடு, யோனா புறா. புதிய தலைமுறை அந்த வரிசையை நீட்டியது. தால் (பனித்துளி), கால் (அலை), அலோன் (கருவாலி மரம்), ஷாகர் (வைகறை), லியோர் (எனக்கு ஒளி) என்று குறுகிய, இறைவன் பெயர் கலவாத பெயர்கள் பெருகின. இவற்றில் பல இருபாலுக்கும் பொது.

குடும்பத்தில் யார் பெயரை வைப்பது என்பதில் மரபு இரண்டாகப் பிரிகிறது. கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் உயிரோடிருக்கும் உறவினர் பெயரை வைப்பதைத் தவிர்ப்பார்கள். மறைந்தவர் பெயரையே வைப்பார்கள். ஸ்பெயின் வழிவந்த செபர்தி யூதர்களோ தாத்தா பாட்டி இருக்கும்போதே அவர்கள் பெயரைப் பேரக்குழந்தைக்குச் சூட்டி மகிழ்வார்கள். ‘பெயரன்’ என்ற சொல்லிலிருந்தே பேரனைப் பெற்ற தமிழர்க்குச் செபர்தி மரபு அயலாகத் தோன்றாது. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனச் சடங்கின்போது பெயர் அறிவிக்கப்படும்.

பெயர்ப் பட்டியல் அரசியலாகவும் மாறும். 2014இல் இஸ்ரேலின் மக்கள்தொகை ஆணையம் அதிகம் சூட்டப்பட்ட பெயர்களை வெளியிட்டது. ஆண் குழந்தைகளில் யோசேப்பு முதலிடம் என்றது. உண்மையில் முதலிடம் முகம்மது என்ற பெயருக்குத்தான் என்பதை ஹாரெட்ஸ் நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. எபிரேயப் பெயர்களை மட்டுமே வெளியிட்டதாக ஆணையம் விளக்கம் அளித்தது. நாட்டு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அரபு மக்களாக இருக்கும்போது, அவர்கள் பிள்ளைகளின் பெயர்களை நீக்கிவிட்டு, நீக்கியதையும் சொல்லாமல் ‘நாட்டின் பெயர்கள்’ என்று வெளியிட்டது நேர்மையான கணக்கு ஆகாது.

பெயர் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

1. எபிரேய எழுத்தில் பெயரைப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் நோவா ஒன்றுதான், எபிரேயத்தில் இரண்டு. பேழை கட்டிய நோவாவின் பெயர் ‘ஓய்வு’ என்ற வேரைச் சேர்ந்தது. இஸ்ரேலில் பல ஆண்டுகள் பெண் குழந்தைகளின் முதன்மைப் பெயராக இருந்த நோவா ‘அசைவு’ என்ற வேறு வேர். தந்தையின் சொத்தில் பெண்களுக்கும் பங்கு வேண்டும் என்று மோசேயிடம் வழக்காடி வென்ற ஐந்து சகோதரிகளில் ஒருத்தியின் பெயர் அது. அந்தப் பெயரின் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்க, பட்டியல்களில் அவள் எதிரே ‘ஓய்வு’ என்று எழுதியிருப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

2. அது எபிரேயம்தானா என்று பாருங்கள். எஸ்தர் நூலில் வரும் மொர்தெகாயின் பெயரில் இருப்பது பாபிலோனியத் தெய்வமான மர்துக். தாமஸ் (‘இரட்டையர்’), மார்த்தா (‘தலைவி’) இரண்டும் எபிரேயத்துக்கு நெருங்கிய உறவுடைய அரமேய மொழிப் பெயர்கள். விவிலியத்தில் இருப்பதெல்லாம் எபிரேயம் ஆகிவிடாது.

3. கொடுக்கப்பட்ட பொருள் வேரிலிருந்து வந்ததா, கதையிலிருந்து வந்ததா, பிற்கால வழிபாட்டிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். மூன்றில் எதை விரும்பியும் பெயர் வைக்கலாம். எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

4. ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு முடிவு செய்யாதீர்கள். அண்மைக் காலத்தில் பலரும் விரும்பும் எலியானா இதற்கு நல்ல சான்று. எபிரேயத்தில் ‘ஏலி அனா’ என்று பிரித்தால் ‘என் கடவுள் பதிலளித்தார்’. இலத்தீனிலோ ‘ஏலியானா’ என்பது ஏலியுஸ் என்ற உரோமைக் குடும்பப் பெயரிலிருந்து வந்த பெண்பால் வடிவம். இரண்டும் தனித்தனியே பிறந்து ஒரே ஒலியில் சந்தித்தவை. நெடுநாள் காத்திருந்து பெற்ற மகளுக்கு எபிரேயப் பொருளை எண்ணி அப்பெயரை வைக்கும் தாய், அன்னாள் சாமுவேலுக்குச் செய்ததையே செய்கிறாள்.